விலக்கும் விரதமும்

(மகாவீர ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

விழா மேடைகளில் தீர்த்தங்கரர் வரலாறும் கல்வெட்டுச் செய்திகளும் கோயிற் பெருமைகளும் பேசப்படுவது வழக்கம். இன்றைய உரையின் பொருள் அவற்றினும் சிறிது. ஒரு சமையலறையைப் பற்றியது. வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் 62 வயது அம்மையார் ஒருவர், பாலும் தயிரும் நெய்யும் புளித்த மாவும் இல்லாமல் உண்ணப் பழகிய வரலாறு இது. பெயர் சொல்ல வேண்டா என்பது அவருடைய விருப்பம். ஆதலின் அம்மையார் என்றே குறிப்போம்.

அம்மையார் இல்லத்தில் இரண்டு கறவை மாடுகள் உண்டு. ஊர் ஜினாலயத்தில் நாள்தோறும் நிகழும் அபிஷேகத்திற்குரிய பால் அவருடைய மாமியார் காலந்தொட்டு அவ்வீட்டிலிருந்தே செல்கிறது. விடியலில் நீராடிப் பால் கறந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, செம்பு ஏந்திச் செல்வதை முப்பது ஆண்டுகளாக ஒரு நோன்பு போலச் செய்துவந்தவர் அவர். அத்தகையவருக்கு, உண்ட சிறிது நேரத்தில் உடலெங்கும் தடிப்பு எழுவதும், உதடு வீங்குவதும், வயிறு முறுக்கிக் கொள்வதும் தொடங்கின. வெயிற் கொதிப்பு என்றார்கள், பித்தம் என்றார்கள், கண்ணேறு என்றும் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

இறுதியில் நகரத்து மருத்துவர் ஒருவர் மருந்து எழுதுவதற்கு முன் ஒரு குறிப்பேடு எழுதச் சொன்னார். உண்டது என்ன, எப்பொழுது, உண்டபின் உடலில் நிகழ்ந்தது என்ன என்று மூன்று வாரம் எழுத வேண்டும். எழுதியவள், பதினொன்றாம் வகுப்பிற் பயிலும் பேத்தி. குறிப்பேட்டையும் குருதிச் சோதனையையும் ஒப்பிட்டு நோக்கிய மருத்துவர், பாலிலுள்ள புரதம் ஒவ்வவில்லை என்றும், ரொட்டி, பன் போன்றவற்றிற் சேரும் ஈஸ்ட்டின் மீதும் ஐயம் உண்டு என்றும் கூறினார். ஆறு வாரம் இரண்டையும் அறவே நீக்க வேண்டும். பின்பு ஒவ்வொன்றாகத் தம் மேற்பார்வையில் மீண்டும் உண்டு பார்க்கலாம் என்பது அவர் வகுத்த முறை.

இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. பால் ஆகவில்லை என்று பலரும் சொல்வது இரு வேறு நிலைகளைக் குறிக்கும். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குழந்தைப் பருவம் கழிந்தபின் பலருக்குக் குறைந்துவிடும். அவர்களுக்கு வயிற்றுப் பொருமலும் பேதியும் உண்டாகுமேயன்றி உயிருக்கு இடர் நேராது. சிறிதளவு தயிரோ மோரோ தாங்கும். பாற்புரதத்தின் ஒவ்வாமை அத்தகையதன்று. அஃது உடலின் காப்பாற்றலே பாலைப் பகையாகக் கருதிப் போர் தொடுக்கும் நிலை. அதற்கு அளவு பெரிதன்று. ஒரு கரண்டியும் மிகையாகலாம். இந்த வேறுபாட்டை அறியாமையால் விளைந்த துன்பத்தைப் பின்னர்க் காண்போம்.

ஈஸ்ட் என்பது மாவைப் பொங்கச் செய்யும் நுண்ணுயிர். இட்லி மாவில் எவரும் ஈஸ்ட்டைக் கலப்பதில்லை. எனினும் அரிசியும் உளுந்தும் இரவெல்லாம் புளிக்கும்போது, அவற்றில் இயல்பாகவே தங்கியுள்ள பாக்டீரியாக்களும் சிறிதளவு ஈஸ்ட்டும் பெருகுகின்றன. ஆகவே ஆறு வாரத்திற்கு இட்லியும் தோசையும் கூடாவென்றார் மருத்துவர். ஆப்பமும் ஜிலேபியும் வினிகர் சேர்ந்த ஊறுகாயும் அந்த வரிசையிலேயே நின்றன.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அம்மையார் அன்றிரவு உண்ணவில்லை. பசியைக் குறித்து அவர் அஞ்சவில்லை. தசலட்சண பர்வத்தில் ஆண்டுதோறும் உபவாசம் இருப்பவருக்குப் பசி புதிதன்று. "ஆண்டவனுக்குக் கொண்டுபோன பாலே எனக்கு விஷமாப் போச்சே, நான் என்ன வினை செய்தேனோ" என்பதே அவர் அழுகைக்குக் காரணம். அசாதா வேதனீய கருமத்தின் உதயம் என்று உறவினர் ஒருவர் ஆறுதல் சொல்ல முற்பட, அழுகை மிகுந்தது. கருமக் கொள்கை உண்மையே. ஆயினும் அதனைச் சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு.

மறுநாட் காலையிலிருந்து சமையலறை மாறத் தொடங்கிற்று. முதற் பத்து நாளும் கடினமாக இருந்தன. காப்பியை விட்டதால் தலைவலி வந்தது. சுக்கும் மல்லியும் தட்டிக் கருப்பட்டியோடு கொதிக்கவைத்த நீர் மெல்ல அவ்விடத்தைப் பிடித்தது. காலைச் சிற்றுண்டி எதிர்பார்த்ததினும் எளிதாயிற்று. இட்லியையும் தோசையையும் நீக்கினால் தமிழர் வீட்டில் உண்ண ஒன்றுமில்லை என்று தோன்றுவது பழக்கத்தின் மயக்கமே. இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, அரிசி உப்புமா, அவல், ஊறவைத்தவுடன் அரைத்து அப்போதே வார்க்கும் அடை ஆகிய எவற்றுக்கும் புளிப்பு வேண்டா. பொங்கலுக்கு நெய்யின்றி நல்லெண்ணெயில் மிளகு தாளித்தார். இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால். மாவை மழைக்காலத்தில் மூன்று நாளும் கோடையில் ஐந்து நாளும் குளிர்காலத்தில் ஏழு நாளும் கடந்து பயன்படுத்தலாகாது என்னும் ஆசாரத்தை அந்த வீடு முன்பு அரைகுறையாகவே பின்பற்றி வந்தது. இப்போது தேவை காரணமாக மாவு அடிக்கடி புதிதாக இடிக்கப்பட்டது.

கடினமானது வேறொன்று. மோர்ச்சோறு இல்லாமல் இலையை மடிப்பது எவ்வாறு? குழம்பும் இரசமும் எத்துணைச் சிறந்திருப்பினும், கடைசிக் கவளம் தயிரிலோ மோரிலோ முடிந்தால்தான் உண்ட நிறைவு உண்டாகும் என்பது தமிழ் நாக்கின் இலக்கணம். நிலக்கடலைப் பாலை உறைய வைத்துத் தயிராக்கலாம் என்று பக்கத்து வீட்டார் வழி சொன்னார்கள். உறைவதும் புளிப்பதும் ஒன்றே ஆதலால் ஆறு வாரத்திற்கு அதற்கும் இடமில்லை. வெள்ளரிக்காயைத் துருவி, தேங்காய்ப்பாலும் எலுமிச்சைச் சாறும் உப்பும் கலந்து, கடுகு தாளித்துச் சோற்றில் பிசைந்து தந்தாள் மருமகள். "தயிர் மாதிரியே இருக்கா அத்தை?" என்று கேட்டதற்கு, "தயிர் மாதிரி இல்லம்மா. ஆனா நல்லா இருக்கு" என்றார் அம்மையார். அந்த விடையில் ஒரு பக்குவம் இருந்தது. இல்லாத ஒன்றின் சாயலைத் தேடிக்கொண்டிருக்கும் வரை நாக்கு ஏமாற்றத்தையே காணும்.

சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லாவிடில் இவ்வுரை கேட்டு எவரேனும் தாமாகவே பாலை நிறுத்திவிடக்கூடும். 100 கிராம் பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடையுள்ள கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேலும், எள்ளில் 1000 மில்லிகிராமுக்கு மேலும் உள்ளது. எனினும் தாவரங்களில் உள்ள சுண்ணாம்பு முழுவதும் உடலிற் சேர்வதில்லை. ஆதலின் கேழ்வரகு, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை என மாற்றி மாற்றி உண்ண வேண்டியிருந்தது. பி12 என்னும் வைட்டமினோ வேறு கதை. புலால் உண்ணாதோருக்கும் முட்டை உண்ணாதோருக்கும் அதைத் தருவது பாலும் பாற்பொருளுமே. பாலையும் விட்ட சமணருக்கு இயல்பான உணவில் அதற்கு வழியில்லை, மாத்திரையோ அச்சத்துச் சேர்த்த உணவோ வேண்டும். மருத்துவர் குருதியில் அதன் அளவைச் சோதித்து மாத்திரை தந்தார். மூத்தோர் வீடுகளில் கால் மரத்துப்போதலையும் மறதியையும் முதுமை என்று விட்டுவிடுகிறோம். பி12 குறைவும் அவற்றுக்குக் காரணமாகலாம்.

கடைப்பொருள்களை வாங்குவதில் பேத்தியே ஆசிரியை. பொட்டலத்தின் மீதுள்ள பச்சைப் புள்ளியைக் கண்டால் கவலையற்று வாங்கும் வழக்கம் சமணர் இல்லங்களில் உண்டு. பச்சைப் புள்ளி சைவ உணவு என்பதைத்தான் சொல்லும். பால் அதற்குள் அடக்கம். பிஸ்கட்டில் பால் பவுடர், பால் அல்லாத காப்பி வெண்மைப்பொடி எனப்படுவதிற்கூடப் பாற்புரதமாகிய கேசினேட் என்று பால் பல பெயர்களில் ஒளிந்திருக்கும். கேசின், வே, மில்க் சாலிட்ஸ், ஈஸ்ட் ஆகிய சொற்களை ஆங்கில எழுத்திலும் தமிழிலும் ஓர் அட்டையில் எழுதி, ஆயாவின் கைப்பையில் வைத்தாள் பேத்தி. பால் சேர்ந்திருந்தால் அதனை ஒவ்வாமைப் பொருளாக உறையில் தனியே குறிப்பிட வேண்டும் என்பது இன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த வரி மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். அறுபதைக் கடந்த கண்ணுக்கு அது தெரியாது. அதற்கும் பேத்தியே வேண்டும்.

வீட்டுக்குள் இவ்வாறு வழி பிறந்தது. வீட்டுக்கு வெளியே பிறக்கவில்லை. திருமணத்திற்குச் சென்றால் இலையில் நெய் விழும். கையால் மறைத்தால், "ஒரு கரண்டிதானே, ஒன்றும் ஆகாது" என்பார்கள். பாயசத்தை மறுத்தால் மணமகள் வீட்டார் முகம் வாடும். டாக்டர்கள் இப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்று ஒருவர். எங்கள் வீட்டுப் பால் சுத்தமான பால் என்று மற்றொருவர். ஒரு விருந்தில், தேங்காய்ப்பாற் பாயசம், அச்சமின்றி உண்ணலாம் என்று அன்போடு பரிமாறினார்கள். திரண்டு வரவேண்டும் என்று இறக்கும் தறுவாயில் ஒரு செம்பு பசும்பால் சேர்த்ததைப் பரிமாறியவர் அறியார். அம்மையாரின் தொண்டை அடைத்து, இரவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது. பிழைத்தார். அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு எந்த விருந்துக்கும் செல்லவில்லை. கோயில் விழாவிலும் வழிபாடு முடிந்ததும் பந்தி தொடங்கும் முன் வீடு திரும்பிவிடுவார். தம் ஊரிலேயே அயலார் போல ஆனார்.

அவ்வூர் ஜினாலயத்தில் மாலைதோறும் நூற்படிப்பு நடத்தும் முதியவர் ஒருவர் உண்டு. சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தையும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பையும் உடன் வைத்துப் பொருள் சொல்லுவார். போகோபபோக பரிமாணம் என்னும் விரதப் பகுதி வந்தபோது, நாம் பொதுவாகக் கடந்துபோகும் ஓரிடத்தில் அவர் நின்றார். எல்லாருக்கும் விலக்கப்பட்ட பொருள்களைச் சொல்லியபின், ஒருவருக்கு அநிஷ்டமானதையும், அதாவது அவருடைய உடலுக்கு ஒவ்வாததையும், அவர் விரதமாகக் கொண்டு நீக்க வேண்டும் என்கிறார் ஆசாரியர். பிறருக்கு உரிய உணவே ஆயினும், தமக்குத் தீங்கு தருவதை அறிந்து, மனம் ஒப்பி விடுவது விரதம். காலவரையறையோடு விடுவது நியமம். வாழ்நாள் முழுதும் விடுவது யமம். ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு திங்கள், ஒரு பருவம் என நியமத்திற்குக் கால எல்லைகளும் அங்கே சொல்லப்பட்டுள்ளன.

அம்மையார் எழுந்து ஒரே ஒரு வினா எழுப்பினார்: "டாக்டர் சொன்னதால விட்டேன். அது எப்படி விரதம் ஆகும் ஐயா?"

முதியவர் சிறிது நேரம் விடை கூறவில்லை. பின்பு, "டாக்டர் சொன்னதால் கை விட்டது. மனம் விட்டதா என்பதை நீங்கள்தான் அம்மா சொல்ல வேண்டும்" என்றார்.

மருத்துவ வழியில் நிகழ்ந்தவற்றை இங்கே சுருங்கச் சொல்லிவிடலாம். ஆறு வாரத்திற்குப் பின் இட்லி உண்டு பார்த்ததில் தீங்கில்லை. பன் உண்டபோது தடிப்பு எழுந்தது, அது நின்றது. மருத்துவமனையிலேயே வைத்துச் சில துளிப் பால் தந்து நோக்கியபோது பழைய துன்பம் முழுவதும் திரும்பியது. பால் வாழ்நாள் முழுதும் கூடாதென்று முடிவாயிற்று. வீட்டார் இட்லி மீண்டதைக் கொண்டாடினார்கள். நூற்படிப்பைக் கேட்ட அம்மையாரோ, அவ்வாண்டுச் சாதுர்மாசம் நான்கு மாதமும் இரவு கடந்து புளித்த மாவைத் தொடுவதில்லை என்று ஜினர் திருமுன் நியமம் ஏற்றார். சுவை மாறிய உணவை விலக்கும் ஆசாரம் பழையதுதான். எனினும் மகனுக்குச் சினம் வந்தது. "விட வேண்டிய பாலுக்கு அழுதீங்க. சாப்பிடலாம்னு சொன்ன இட்லியை ஏம்மா விடறீங்க?" என்று கேட்டான். "பால் என்னை விட்டுட்டுப் போச்சு. இட்லியை நான் விடறேன்" என்றார் தாய். அந்நாளுக்குப்பின் அவர் பாலைக் குறித்து அழுததை வீட்டார் கண்டதில்லை.

இவ்விடத்தில் இளைஞர்களுக்கு ஒரு சொல். பால் உற்பத்தியில் கன்றுகள் படும் துன்பத்தைக் கருதி, பாலையே விடும் சமணர் இன்று பலர். அமெரிக்காவில் அறம் பரப்பிய சித்ரபானு அவர்கள் இதனை வலியுறுத்தினார். அவர்களுடைய இரக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் நம் முன்னோர் பாலைத் தொட்டதில்லை என்று சிலர் சொல்வது பொருந்தாது. சிலப்பதிகாரத்தில், சாவக நோன்பியராகிய கோவலனும் கண்ணகியும் பகற்பொழுதில் உண்பதற்காக மாதரி அளித்தவற்றுள் வெள்ளரியும் மாதுளங்காயும் மாங்கனியும் வாழைக்கனியும் அரிசியும் மட்டுமன்றி ஆயர் வீட்டுப் பாற்பயனும் உண்டு. பால் விலக்கப்பட்ட பொருளாக இருந்ததனால் அன்று, விரும்பத்தக்க பொருளாக இருந்ததனால்தான் இரச பரித்தியாகம் என்னும் தவத்தில் பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என்னும் ஆறனுள் முதல் மூன்று இடங்களையும் அது பெற்றது.

அந்தச் சாதுர்மாசம் முடிந்து சில திங்களில் முனி சங்கம் ஒன்று பொன்னூர்மலை யாத்திரையின் வழியில் அவ்வூரில் தங்கிற்று. ஊரே ஆகார தானத்திற்கு ஆயத்தமானது. கிணற்று நீர் வடிகட்டிக் காய்ச்சப்பட்டது. நெய்யும் பாலும் குவிந்தன. சங்கத்தில் முதிய முனிவர் ஒருவர் பால், தயிர், நெய் மூன்றையும் வாழ்நாள் முழுதும் துறந்தவர் என்பதும், அன்று இனிப்பையும் விட்டிருக்கிறார் என்பதும் முந்திய மாலையில்தான் தெரியவந்தது. நாளுக்கு ஒருமுறை, நின்றபடி, கைத்தலத்தில் ஏற்று உண்ணும் எண்பது வயது உடலுக்கு எதை இடுவது? பெண்கள் திகைத்தனர். நெய்யின்றிப் பருப்பா, பாலின்றிக் கஞ்சியா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டனர்.

அப்போது ஒருத்தி சொன்னாள்: "அக்கா வீட்டுக்குப் போங்க. அவங்க ஒன்றரை வருஷமா அதைத்தானே சமைக்கிறாங்க."

ஓராண்டாகப் பந்திக்கு வராதவர் வீட்டு வாசலில் ஆறேழு பெண்கள் வந்து நின்றார்கள். அம்மையார் அன்றிரவே கேழ்வரகை நனைத்துப் பிழிந்து பாலெடுக்கும் முறையைச் சொன்னார். பாசிப்பருப்பை எவ்வளவு நீரில் குழைய வேகவைத்தால் நெய்யின்றியும் தொண்டையில் இறங்கும் என்பதைக் கைவிரல் வைத்துக் காட்டினார். புதிய அரிசிமாவில் இடியாப்பம், முற்றாத தேங்காயின் முதற்பால், வெள்ளரி, வாழைக்காய், எள் என்று பட்டியல் விரிந்தது. மறுநாள் முனிவரின் விதி அவ்வீட்டு வாசலிலேயே அமைந்தது. நவதா பக்தியோடு எதிர்கொண்டு, மும்முறை வலம் வந்து, அம்மையார் தம் கையால் கேழ்வரகுப் பாலை வார்த்தார். இடையூறின்றி ஆகாரம் நிறைவேறிற்று. முனிவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிச்சியைத் தூக்கி ஆசி கூறிச் சென்றார்.

ஸ்ரீபுராணம் கூறும் ஆதிநாதர் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. துறவு பூண்ட விருஷபதேவர் உணவு ஏற்க வந்தபோது மக்கள் யானையும் மணியும் பட்டும் கொணர்ந்து முன்னே வைத்தார்கள். அவர்களிடம் அன்பு குறைவில்லை; கொடுக்கும் முறைதான் தெரியவில்லை. ஓராண்டுக்கும் மேலாக அவர் உண்ணாமல் திரிந்தார். அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் ஒருவனே முற்பிறவி நினைவால் முறையறிந்து கரும்பின் சாற்றை அளித்தான். அட்சய திருதியை அந்த நாள்தான். ஏனைய தீர்த்தங்கரர்களின் முதற் பாரணை பாற்சோறு என்பது மரபு, ஆதிநாதருக்குக் கரும்புச்சாறு. "ஒரு கரண்டிதானே" என்று நெய் ஊற்றுவோரிடத்தும் அன்பு குறைவில்லை.

முனி சங்கம் சென்றபின் வந்த அட்சய திருதியை விழாவுக்கு, அவ்வூர்க் கோயில் மடைப்பள்ளியில் தனியாக ஓர் அடுப்பு மூட்டினார்கள். அதற்கென்று வேறு கரண்டி, வேறு பாத்திரம்; பரிமாறுவோரும் வேறு. நீரிழிவுடையோர் இருவர், பால் ஒவ்வாத சிறுவன் ஒருவன் என எதிர்பாராத நான்கைந்து பேர் அந்த வரிசைக்கு வந்தார்கள். அச்சிறுவனின் தாய், இத்தனை நாளும் மகனை விழாவுக்கே அழைத்து வந்ததில்லையாம். பாத்திரத்தின் மூடிமேல் பேத்தி எழுதிய அட்டை ஒட்டப்பட்டிருந்தது: பால், தயிர், நெய், ஈஸ்ட் இல்லை, வேறு கரண்டியை இதில் இடாதீர்கள். அம்மையார் காலையில் வழக்கம்போல் பாற்செம்போடு ஜினாலயம் சென்று, அபிஷேகம் கண்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, அந்தப் பந்தியின் முதல் இலையில் அச்சிறுவனுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.